வண்டிக்கு நிழல் வேண்டும், டிஷ்ஷுக்கு வானம் வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

வண்டியையே வீடாக்கி வாழ்பவர்கள் வன்னியில் முன்பும் இருந்தார்கள். நெல் வெட்டும் இயந்திரத்தோடு வயல் வயலாகப் போகிறவர்களும், குழாய்க்கிணறு அடிக்கிறவர்களும், வீதி வேலைக்காரரும் மாதக்கணக்கில் லொறியிலேயே உண்டு உறங்குகிறார்கள். இப்போது ஓய்வுபெற்ற சிலரும் பழைய பஸ்களை வாங்கி அதையே நிரந்தர இருப்பிடமாக்கிக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து செய்மதித் தொலைக்காட்சி பற்றிக் கேள்விகள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். நானும் மனைவியும் பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்படியும் அமைத்து, தைப்பொங்கலிலிருந்து அதிலேயே வசிக்கிறோம். மல்லாவியில் மகளின் வளவிலும் முள்ளியவளையில் மகனின் வளவிலும் மாறி மாறி நிற்போம். வைகாசியில் வற்றாப்பளை, ஆவணியில் மடு. டிஷ்ஷைப் பஸ்ஸின் கூரையில் பூட்டியிருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் படம் எடுக்க ஒன்றரை மணி நேரம் செல்கிறது. எடுத்த பின்பும் மனைவி உள்ளே நடந்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பிழை எங்கே இருக்கிறது? – வாசகர், மாங்குளம்

பதில்: ஐயா, பிழை டிஷ்ஷிலும் இல்லை, பொக்ஸிலும் இல்லை. டிஷ் பூட்டப்பட்டிருக்கும் இடந்தான் பிழை.

நாம் பார்க்கும் செய்மதி பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, ஏறத்தாழ 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் தானும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு வானத்தில் ஒரே புள்ளியில் நிற்பது போலாகிறது. அந்தப் புள்ளியை 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்று ஏறத்தாழ மூன்று பாகை அகலமுள்ள ஒரு பார்வையால் பிடிக்கிறது. அதாவது நடுவிலிருந்து இப்பக்கமோ அப்பக்கமோ ஒன்றரைப் பாகை விலகினால் சமிக்ஞை பாதியாகிவிடும். பஸ்ஸோ வில்லுத்தகடுகளின் மேல் நிற்கும் ஒரு பொருள். ஒருவர் படியில் ஏறினால் அது ஒரு பக்கம் சாய்கிறது. தண்ணீர்த் தாங்கி நிரம்பினாலும் வெறுமையானாலும் சாய்கிறது. வீட்டுச் சுவரில் பூட்டிய டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன்னர் முள்ளியவளை வயலொன்றில் அறுவடைக்காரரின் லொறிக்கு அழைக்கப்பட்டுப் போயிருந்தேன். டிஷ் லொறியின் பக்கப் பலகையில் இறுக்கப்பட்டிருந்தது. இளைஞர்கள் செய்தி பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் தேநீர்க் கேத்தலுடன் பின்பக்கத்தால் ஏறினார். வாசிப்பவரின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. அவர் இறங்கியதும் முகம் திரும்பி வந்தது. அன்று நான் செய்த வேலையெல்லாம் டிஷ்ஷைக் கழற்றி மண்ணில் ஒரு முக்காலியில் நிறுத்தியது மட்டுமே.

கூரைக்கு எதிராக இன்னொரு காரணமும் இருக்கிறது. வன்னியில் அதுவே பெரிய காரணம் என்பேன். பங்குனியிலிருந்து புரட்டாதி வரை எந்தத் தகரக் கூரையின் கீழும் மத்தியானத்தில் இருக்க இயலாது. ஆகவே நீங்கள் பஸ்ஸை வேம்பின் கீழோ புளியின் கீழோ குளக்கரை மருதின் கீழோதான் நிறுத்துவீர்கள், நிறுத்தவும் வேண்டும். டிஷ்ஷுக்கு வேண்டியதோ இலையொன்றும் குறுக்கிடாத வெளி வானம். இரண்டையும் ஒன்றோடொன்று பூட்டினால், ஒன்றில் நீங்கள் வேகுவீர்கள், அல்லது படம் வராது. இருபது மீற்றர் கேபிளால் இரண்டையும் பிரித்துவிட்டால் இந்த வழக்கு அன்றோடு தீர்ந்தது.

முக்காலியை வெல்டிங் கடையில் செய்விக்கலாம். ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் நடுக்கம்பமாகவும், மடிக்கக்கூடிய மூன்று கால்கள் ஒவ்வொன்றும் ஒரு மீற்றர் நீளமாகவும் இருக்கட்டும். கால்களின் நுனியில் மண்ணில் ஆணி அடிக்கத் துளை வேண்டும். கம்பத்தின் அடியில் ஒரு கொக்கி வைத்து, 20 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றைத் தொங்கவிட்டால் இருபது கிலோ பாரம் கிடைக்கும். பயணத்தின்போது தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கானை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம்.

இனி ஒன்றரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாக்கும் வழியைச் சொல்கிறேன். நீங்கள் ஒவ்வோர் இடத்திலும் டிஷ்ஷை மேலும் கீழும், இடமும் வலமும் ஒருசேர அசைத்துத் தேடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அது தேவையற்றது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை போனாலும் செய்மதியின் உயரக் கோணம் ஒரு பாகை அளவுகூட மாறுவதில்லை. எனவே ஒரு முறை, ஓரிடத்தில், கம்பம் முற்றிலும் செங்குத்தாக நிற்கும்போது தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு படத்தை எடுப்பித்து, உயரக் கோணத் திருகை நன்றாக இறுக்கி, அது நிற்கும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முன்னால் கைபோல நீண்டிருக்கும் கம்பியின் நுனியில் அலையைப் பெறும் எல்.என்.பி. எவ்வளவு திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அவ்வாறே குறித்துவிடுங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்கு அந்தத் திருப்பம் பெரிது, அதைக் குழப்பினால் பாதி அலைவரிசைகள் மறைந்துவிடும். அதன் பிறகு இந்த இரண்டையும் ஒருபோதும் தொடாதீர்கள்.

புதிய இடத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை கம்பத்தைச் செங்குத்தாக்குவது. மேசன்மார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டைக் கம்பத்தின் இரு பக்கங்களில் பிடித்துப் பார்த்து, தாழ்ந்த காலின் கீழ் ஓட்டுத் துண்டோ பலகையோ வையுங்கள். இதைச் சிறு விடயமென்று எண்ண வேண்டாம்: கால்களுக்கிடையில் அறுபது சென்ரிமீற்றர் இருந்தால், ஒரு காலின் கீழ் ஒரு சென்ரிமீற்றர் பிழை ஏறத்தாழ ஒரு பாகைப் பிழையாகும். கம்பம் செங்குத்தானால் உங்கள் தேடல் இடம் வலம் என்ற ஒரே அசைவாகக் குறைந்துவிடும்.

திசையைத் திசைகாட்டியால் பாருங்கள். ஆனால் பஸ்ஸிலிருந்து பத்தடியாவது தள்ளி நின்று பாருங்கள், இரும்பு உடல் முள்ளை இழுக்கும். இலங்கையின் கட்டணச் சேவையான டயலொக் தொலைக்காட்சி பயன்படுத்தும் செய்மதி கிழக்கு நெடுங்கோடு 45 பாகையில் இருக்கிறது. வன்னியிலிருந்து பார்த்தால் அது நேர் மேற்கிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 13 பாகை விலகி, அடிவானத்திலிருந்து 48 பாகை உயரத்தில் நிற்கிறது. ஆகவே மேற்குப் பக்கத்தில் பத்து மீற்றர் உயரமான மரம் இருந்தால், டிஷ் அதிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நின்றால் போதும். டிஷ் தட்டு பார்வைக்கு அவ்வளவு உயரம் நோக்காமல் முன்னோக்கி நிற்பதுபோல் தோன்றும்; எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழிருந்து பார்க்கும் வகைத் தட்டு என்பதால் அப்படி, அதை நம்பித் தட்டைப் பின்னுக்குச் சாய்த்துவிடாதீர்கள்.

கடைசியாக, மெதுவாகத் திருப்புங்கள். தட்டின் விளிம்பு அரைச் சென்ரிமீற்றர் அசைந்தால் ஒரு பாகை போய்விட்டது. அவ்வளவு அசைத்து, கையை எடுத்து, ஆறு வரை எண்ணுங்கள். பொக்ஸ் சமிக்ஞையை உணர்ந்துகொள்ள அந்த நேரம் வேண்டும். பலர் செய்மதியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை, அதைக் கடந்து போய்விடுகிறார்கள். திரையில் இரண்டு கோடுகள் தெரியும்: சமிக்ஞையின் பலம் ஒன்று, தரம் ஒன்று. பலத்தைப் பார்க்கவே வேண்டாம். வெறும் வானத்தை நோக்கினாலும் அது ஓரளவு நிற்கும். தரக்கோடு எழும்பும் இடமே உங்கள் இடம். மனைவியார் உள்ளே திரையைப் பார்த்துச் சொல்ல, நீங்கள் வெளியே திருப்புவது இருவர் வேலை. ஒருவராகச் செய்வது வீண் அலைச்சல்.

கேள்வி: நெல் வெட்டும் குழுவோடு தை, மாசி, பங்குனி மாதங்களில் லொறியிலேயே இருக்கிறேன். லொறிக்கு இரண்டு பற்றரிகள். தொலைக்காட்சிக்கு 12 வோல்ட் வேண்டுமென்பதால் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் கம்பி எடுத்தேன். இரண்டு வாரத்தில் லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. அந்தப் பற்றரியும் பழுது என்கிறார்கள். – வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, லொறியின் இரண்டு பற்றரிகளும் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் தருகின்றன, இயந்திரம் ஓடும்போது அவை ஒன்றாகவே ஏற்றப்படுகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் மின் எடுத்தால், அது எப்போதும் அரைவயிற்றோடு கிடக்க, மற்றது நிரம்பிய பிறகும் ஏற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று பசியாலும் மற்றது மிகையாலும் கெடும். நீர் ஒன்றைத்தான் இழந்தீர், மற்றதையும் சோதித்துப் பாரும்.

செய்ய வேண்டியது, லொறியின் பற்றரிகளைத் தொடாமல், வாழ்வதற்கென்று தனிப் பற்றரி ஒன்று வைப்பது. கணக்கைச் சொல்கிறேன். 24 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சி ஏறத்தாழ 30 வாற், பொக்ஸ் ஏறத்தாழ 12 வாற். எல்.என்.பி.க்குத் தனிக் கம்பி வேண்டாம். பொக்ஸே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி அதை இயக்குகிறது. மாலையில் நான்கு மணி நேரம் பார்த்தால் 170 வாற்-மணி போகும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால்தான் அது நெடுநாள் உழைக்கும். அந்தப் பாதி 600 வாற்-மணி. ஆக, தொலைக்காட்சி பெரிய செலவு அல்ல. இரவு முழுவதும் ஓடும் இரண்டு சிறு விசிறிகள் அதைப்போல இரு மடங்கு இழுக்கும். 100 வாற் சோலார் பனல் ஒன்று நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 400 வாற்-மணி தரும். உங்கள் மாதங்களில் பங்குனி வெயில் போதுமானது, தை மாத மப்பு நாட்களில் தராது. இரண்டு பனல் பூட்டுவதே நிம்மதி.

இன்வேர்ட்டர் வாங்க முன்னர், தொலைக்காட்சியினதும் பொக்ஸினதும் அடப்டரில் எழுதியிருப்பதைப் படியும். ‘12 வோல்ட்’ என்றிருந்தால் இன்வேர்ட்டர் தேவையில்லை: 12 வோல்ட்டை 230 ஆக்கி மீண்டும் 12 ஆக்குவதில் மின்சாரம் சும்மா சூடாகிப் போகிறது. ஆனால் பற்றரியிலிருந்து நேரே கொடுக்கவும் வேண்டாம். பனல் ஏற்றும்போது அது 14.4 வோல்ட் வரை உயரும். 12 வோல்ட்டில் நிலையாக வைத்திருக்கும் சிறு கருவி ஒன்றை இடையில் போடும். பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். வைக்கோல் நிறைந்த இடத்தில் நிற்கும் லொறியில் பியூஸ் இல்லாத கம்பியைக் கண்டால் எனக்கு உறக்கம் வராது.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மருமகன், வண்டிக் கூரையில் வைக்கும் குமிழ் போன்ற டிஷ் ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். பொத்தானை அழுத்தினால் தானாகவே செய்மதியைக் கண்டுபிடிக்குமாம். வாங்கலாமா? – வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம் அம்மா. வட அமெரிக்காவில் விற்கப்படும் அத்தகைய குமிழ்கள் அங்குள்ள சேவைகளின் செய்மதிகளைத் தேடுமாறு அமைக்கப்பட்டவை. நம் வானத்தில் அந்தச் செய்மதிகள் தெரிவதில்லை. அங்குள்ள நேரடி ஒளிபரப்பு அலைகள் பெரும்பாலும் சுழல் முறையில் வருகின்றன. இங்கே நாம் பெறுபவை கிடை, செங்குத்து என்னும் நேர் முறையில் வருகின்றன. எனவே பட்டியலை மாற்றினாலும் உள்ளிருக்கும் எல்.என்.பி. ஒத்துவராது. குமிழுக்குள் இருக்கும் தட்டும் சிறியது, மாரி மழையில் முதலில் விழுவது சிறிய தட்டுத்தான். அனுப்பத்தான் வேண்டுமென்று மருமகன் நின்றால், நல்ல திசைகாட்டியும், செய்மதிச் சமிக்ஞையை ஒலியால் காட்டும் சிறு மீற்றர் ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். அவை இங்கேயும் உதவும்.

கேள்வி: ஒரே டிஷ்ஷில் இலங்கை அலைவரிசைகளையும் இந்தியத் தமிழ் அலைவரிசைகளையும் பார்க்க முடியுமா? வீடு கட்டி முடியும்வரை குடும்பமாக வான் வண்டியில் இருக்கிறோம். இரண்டு டிஷ் வைக்க இடமில்லை. – வாசகர், நெடுங்கேணி

பதில்: முடியாது. இலங்கைச் சேவைக்கான 45 பாகைச் செய்மதி மேற்கே நிற்கிறது. இந்தியாவின் இலவச டீ.டீ. ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பாகும் ஜீசாற்-15 செய்மதி கிழக்கு நெடுங்கோடு 93.5 பாகையில், நமக்குத் தென்கிழக்குப் பக்கமாக, 71 பாகை உயரத்தில், ஏறத்தாழ உச்சி வானில் இருக்கிறது. ஒரு தட்டு இரண்டு திசையையும் பார்க்காது. ஆனால் ஒரே முக்காலியில், உயரக் குறிகள் இரண்டை இரு நிறத்தில் இட்டு, வேண்டியபோது தட்டைத் திருப்பிக்கொள்ளலாம், எல்.என்.பி.யின் திருப்பமும் வேறுபடும் என்பதால் அதற்கும் இரண்டு குறிகள் வேண்டும். பழகிவிட்டால் கால் மணி நேர வேலை.

இந்தியக் கட்டணச் சேவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை இந்தியாவில் இருப்பவர்களுக்கென விற்கப்படும் இணைப்புகள். வேறொருவர் பெயரில், வேறொரு முகவரியில், இடையில் நிற்கும் ஒருவர் மூலம் காசு கட்டி இங்கே பார்ப்பவர்களுக்கு, ஒரு நாள் அது நின்றுபோனால் கேட்பதற்கு எவருமில்லை. என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய இயலவில்லை. நாட்டில் உரிமம் பெற்ற சேவையை எடுங்கள். இந்திய அலைவரிசைகள் பல அதன் தொகுப்புகளிலேயே வருகின்றன. இணைப்பு எடுக்கும்போதே வண்டியில் வாழ்கிறோம் என்று சொல்லி, சுவர்த் தாங்கிக்குப் பதிலாக உங்கள் முக்காலியில் பூட்டித் தரக் கேளுங்கள்.

கேள்வி: மாதக் கட்டணம் கட்ட வசதியில்லை. வண்டியில் இருப்பவர்கள் டிஷ் இல்லாமல் எதையும் பார்க்க முடியாதா? – வாசகர், துணுக்காய்

பதில்: முடியும், உங்கள் ஊரிலிருந்து நன்றாகவே முடியும். ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. அங்கிருந்த பழைய நிலையம் 1990 இல் போரில் அழிந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் மௌனமாகக் கிடந்தது. புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் இன்றும் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். ரூபவாகினி உள்ளிட்ட தரைவழி அலைவரிசைகளை அதிலிருந்து மீன்முள் போன்ற சாதாரண அன்ரனாவால் இலவசமாகப் பெறலாம். பொக்ஸும் வேண்டாம், மாதக் கட்டணமும் வேண்டாம்.

துணுக்காயிலிருந்து கோபுரம் கிழக்கும் வடகிழக்குமான திசையில் இருக்கிறது. அன்ரனாவின் சிறு குறுக்குக் கம்பிகள் உள்ள முனையை அதை நோக்கித் திருப்புங்கள். கம்பிகள் கிடையாக இருக்க வேண்டுமா செங்குத்தாக இருக்க வேண்டுமா என்பதற்கு அயல் வீட்டுக் கூரையைப் பார்த்தால் விடை கிடைக்கும். இங்கே உயரம் உதவும், எனவே இதை மட்டும் வண்டிக் கூரையில் மடக்குக் கம்பத்தில் பூட்டலாம். அன்ரனாவின் பார்வை பல பத்துப் பாகை அகலமானது, வண்டி சாய்ந்தாலும் படம் போகாது. புறப்பட முன்னர் கம்பத்தை மடக்க மறந்துவிடாதீர்கள். வீதியோர முதிரைக் கிளைகள் தாழ்ந்தவை.

கைப்பேசியில் பார்க்கலாமே என்று சிலர் எழுதியிருந்தனர். ஏ9 ஓரத்தில் சரிதான். காட்டோரக் கிராமங்களில் சமிக்ஞை நிலைப்பதில்லை. சாதாரணத் தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜீபீ அளவில் டேட்டா போகும்.

கேள்வி: மழையில் படம் போய்விடுகிறது, மழை விட்ட பிறகும் சில நாட்களில் வருவதில்லை. பங்குனியில் வெயில் எரிக்கும் பிற்பகலிலும் சில நிமிடம் மறைந்தது. டிஷ் பழுதா? – வாசகர், அளம்பில்

பதில்: மூன்றுக்கும் மூன்று காரணங்கள். இந்த அலைகள் நுண்ணியவை, கனத்த மழைத்துளிகள் அவற்றை விழுங்கிவிடும். வாடைக்காலத்து அடைமழையில் கால் மணியோ அரை மணியோ போவது இயல்பு, பொறுத்திருங்கள். மழை விட்ட பின்பும் வராவிட்டால் நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. எல்.என்.பி.யின் வாயை மூடியிருக்கும் பிளாஸ்ரிக் மூடி நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெடித்துவிடும். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த எல்.என்.பி.யின் மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே சுண்டுவிரல் நுனியளவில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. காய்ந்த மண்ணில் படம் வந்திருக்கிறது, ஈரமானதும் அலை உள்ளே போகவில்லை. குச்சியால் மெல்ல எடுத்துத் துடைத்து, புதிய மூடி போட்டதும் சரியானது. கேபிள் பூட்டும் இடத்தை இழுபடும் இறப்பர் ரேப்பால் சுற்றுங்கள். கேபிள் வண்டிக்குள் நுழைய முன்னர் கீழ்நோக்கி ஒரு வளையம் விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். நீங்கள் கடற்கரை ஊர் என்பதால் திருகுகளுக்குக் கிறீஸ் பூசுங்கள். இடி கேட்டவுடன் மழைக்குக் காத்திராமல் கேபிளைப் பொக்ஸிலிருந்து கழற்றி வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் வெளி வயலில் நிற்கும் முக்காலியே அயலில் உயரமான இரும்பாக இருக்கும்.

பங்குனிப் பிற்பகலில் நடந்தது பழுதல்ல. மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாட்கள், பிற்பகல் மூன்று மணியை ஒட்டி, சூரியன் 45 பாகைச் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது; அதன் இரைச்சலில் செய்மதியின் குரல் சில நிமிடம் கேட்காது. அந்த நாட்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அவை பயன்படும். படம் மறையும் அந்தக் கணத்தில் வெளியே வந்து டிஷ்ஷைப் பாருங்கள்: சூரியன் நிற்கும் இடத்தில்தான் செய்மதியும் இருக்கிறது. தட்டின் மீது அப்போது எந்தக் கிளையின் நிழல் விழுகிறதோ, மாரியில் தழைத்து வந்து உங்கள் படத்தை மறைக்கப்போகும் கிளை அதுதான்.